பை பிடிக்கும் அம்மாவும் ராட்டினம் ஏறலாம்

திருவிழாப் பொருட்காட்சிக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பெரியவன் கொலம்பஸில் ஏறினான், சின்னவள் டிராகன் ரயிலில் மூன்று முறை சுற்றினாள், அப்பாகூட பிள்ளைகளுக்குத் துணையாக ராட்சத ராட்டினத்தில் ஏறி இறங்கினார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். "அம்மா எதில் ஏறினாங்க?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அம்மா நாலு ஜோடி செருப்புக்கும், தண்ணீர் பாட்டிலுக்கும், பலூனுக்கும், பஞ்சு மிட்டாய்க்கும் காவலாக நின்றுகொண்டிருந்தாள்!

பயம் என்று நினைக்கிறீர்களா? கிடையவே கிடையாது. மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வடாம் காயவைக்கிற நமக்கு என்ன பயம்? வரிசைதான் காரணம். ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் கைக்குழந்தையை யார் பார்ப்பது, முட்டிவலிக்காரப் பெரியவர்களோடு யார் உட்காருவது, பையை யார் பிடிப்பது என்ற கேள்வி வருகிறது. யாரும் நம்மைப் பார்த்து "நீ ஏறாதே" என்று சொல்வதில்லை. நாமாகவே "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். வரிசை நீண்டால் முதலில் அதிலிருந்து விலகுகிறவள் வீட்டுப் பெண்தான். ஆகவே வரிசையைக் குறைக்கும் வழி தெரிந்துகொள்வது பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல சகோதரிகளே, நமக்காகவும்தான்.

எங்கள் ஊர் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். சந்தையன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ராட்டினம் ஏற வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்குத்தான் போக வேண்டும். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் மலைக்கோட்டைப் பக்கம் ராட்டினங்கள் வந்து நிற்கும். கோடையில் மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி. இரண்டும் சாயங்காலத்துக் காரியங்கள். பகல் வெயிலில் இரும்புக் கூண்டில் யார் உட்காருவார்கள்? பொழுது சாய்ந்து விளக்குப் போட்டபிறகுதான் கூட்டமே வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் வரிசையும் அனுமார் வால் மாதிரி நீளும்.

வரிசையில் நிற்கும்போது கணக்குப் போடும் பழக்கம் எனக்குப் பழனியில் வந்தது. அங்கே இழுவை ரயில் 1966 முதல் ஓடுகிறது. 2004 முதல் ரோப் காரும் இருக்கிறது. அங்கே நின்று நின்று, ஒரு நடைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினாலே நம் முறை எப்போது வரும் என்று தெரிந்துவிடும் எனக் கண்டுகொண்டேன். ராட்டினத்துக்கும் அதே கணக்குத்தான். ஒரு ராட்டினத்தில் 16 கூண்டு, கூண்டுக்கு 4 பேர் என்றால், ஒரு தடவைக்கு 64 பேர். ஏற்றி, சுற்றி, இறக்க 12 நிமிஷம் என்று வையுங்கள். முன்னால் 200 பேர் நின்றால் மூன்று சுற்று போய் நாலாவது சுற்றில்தான் நமக்கு இடம். அதாவது 36 நிமிஷத்துக்குமேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நிற்பதா, அடுத்ததற்குப் போய்விட்டுத் திரும்பி வருவதா என்று முடிவு செய்யலாம். சும்மா கால் கடுக்க நின்று பாதியில் விலகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நேரத்தைத் தின்பது சுற்றுவது அல்ல, ஏற்றி இறக்குவதுதான். 1893ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பொருட்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில் ராட்டினம் கட்டினார். அதில் 36 கூண்டுகள். ஒவ்வொன்றிலும் 60 பேர்வரை ஏறலாம். சவாரி 20 நிமிஷம். முதல் சுற்றில் ஆறு இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றினார்கள்; இரண்டாவது சுற்று மட்டுமே நிற்காமல், அதுவும் 9 நிமிஷம்! பாதிக்குமேல் நேரம் ஏற்றி இறக்குவதிலேயே போயிருக்கிறது. நம்மூர் ராட்டினத்திலும் அப்படியே. வாசலில் போய் நின்றபிறகு செருப்பைக் கழற்றி, கைபேசியைத் தேடிப் பையில் போட்டு, "நீ முதல்ல ஏறு, நீ முதல்ல ஏறு" என்று பேசிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் தாமதம். அதையெல்லாம் வரிசையிலேயே முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று: ராட்டினக்காரர் சில சமயம் வரிசையை விட்டுப் பின்னாலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஏற்றுவார். "அவங்களை மட்டும் எப்படி விடறீங்க?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் ராட்டினம் அந்தப் பக்கம் இழுக்கும். தராசு போல எதிரெதிரே ஆள் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அதேபோல் மூன்று பேர் ஏறின கூண்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், "ஒத்தை ஆளு இருக்கா?" என்று குரல் கொடுப்பார். பை பிடித்து நிற்கிற அம்மா முன்னால் போக இதைவிட நல்ல சமயம் கிடையாது. கூண்டில் பெண்களோ குடும்பமோ இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கையைத் தூக்குங்கள்.

எங்கள் வீட்டில் இந்த யோசனையெல்லாம் வந்தது என் அத்தையால், அதாவது மாமியாரால். எழுபது வயதைத் தாண்டியவர். "ராட்டினத்து மேலேர்ந்து திண்டுக்கல் மலையைப் பார்க்கணும் தாயி" என்று வருஷா வருஷம் சொல்வார். முட்டிவலி. பத்து நிமிஷத்துக்குமேல் நிற்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் வரிசையைப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்று திரும்பிவிடுவார். அடுத்த வருஷம் என்று சொல்ல அந்த வயதில் எத்தனை வருஷம் கையில் இருக்கிறது? அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

2025 மாசியில் நான் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். முதலில் டாக்டரிடம் கேட்டோம். ரத்தக்கொதிப்பு இல்லை, இருதயக் கோளாறு இல்லை. மெதுவாகச் சுற்றும் ராட்டினம் என்றால் ஏறலாம் என்றார். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாள், கூட்டம் நெரியும். ஞாயிறு சொல்லவே வேண்டாம். வியாழன் எங்கள் ஊர்ச் சந்தை, அவருக்கு ஒழியாது. ஆகவே புதன்கிழமை. "நடுவாரத்துல போயி ராட்டினமா?" என்று அவர் சிரித்தார். "நடுவாரத்துலதான் ராட்டினம். ஞாயித்துக்கிழமை போனா வரிசை மட்டுந்தான்" என்றேன்.

ஐந்து மணிக்கே போய்விட்டோம். விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. கையோடு ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுபோயிருந்தேன்; அத்தை அதில் உட்கார, வரிசை நகர நகர முக்காலியும் நகர்ந்தது. முதல் தடவை அவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறினார்கள். இறங்கி வந்ததும் பெரியவனிடம் பையைக் கொடுத்தேன். "நீ பிடிடா, இப்ப அப்பத்தாவும் நானும் போறோம்." அவன் விழித்தான். பத்து வருஷத்தில் அவன் கையில் அந்தப் பை ஏறினது அன்றைக்குத்தான். பின்னால் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்கள் கூண்டில் ஏறிக்கொண்டார்கள். ராட்டினக்காரர் கம்பியைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். நானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

உச்சியில் நின்றபோது மலைக்கோட்டை எதிரே கறுத்த யானை படுத்தமாதிரி தெரிந்தது. அத்தை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு பஸ்ஸு சன்னல் வழியா அண்ணாந்து பார்த்த மலை. இன்னைக்கு அது கொஞ்சம் கீழ இறங்கி வந்து என்னையப் பார்க்குது." எனக்குப் பேச்சு வரவில்லை. ஏழு மணிக்கு நாங்கள் வெளியே வரும்போது வரிசை டிக்கெட் கவுண்ட்டரையும் தாண்டி நின்றது.

நேரத்தைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். விளக்குப் போட்ட முதல் ஒரு மணி நேரம் நல்ல நேரம். ஏழிலிருந்து ஒன்பதுவரை ஆகாத நேரம். நடுவில் மேடையில் பாட்டுக் கச்சேரியோ நாடகமோ தொடங்கினால் கூட்டம் அங்கே சாயும். அப்போது ராட்டினத்துப் பக்கம் போகலாம். ஒன்பதுக்குமேல் மறுபடி வரிசை குறையும். உள்ளூர்க்காரர்களுக்கு அது சரி. எங்களைப்போல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், கண்ணயர்ந்த குழந்தையைத் தோளில் போட்டவர்கள் முதல் மணி நேரத்தையே நம்ப வேண்டும். பலத்த காற்றோ மழையோ வந்தால், டிக்கெட் காசு போனாலும் போகட்டும், ஏறக்கூடாது.

பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களில் சங்கதி கொஞ்சம் வேறு. அங்கே நுழைவுக் கட்டணத்தில் எல்லா விளையாட்டும் அடக்கம். நுழைந்தவுடன் எல்லோரும் வாசல் அருகில் இருப்பதிலேயே மொய்ப்பார்கள். நாம் நேரே கடைசிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வரவேண்டும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பெயர் பெற்ற சவாரிகளில் வரிசை குறையும். நாம் அதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டால் வசதி. 2025 டிசம்பரில் சென்னை அருகே திருப்போரூர்ப் பக்கம் திறந்த வொண்டர்லாவைப்பற்றி எங்கள் தெருப் பிள்ளைகள் ஓயாமல் பேசுகிறார்கள். அந்த நிறுவனத்தின் பூங்காக்களில் கூடுதல் பணம் கட்டி ஃபாஸ்ட் டிராக் சீட்டு வாங்கினால் தனி வரிசையில் போகலாம். கோயிலில் சிறப்பு தரிசனம் மாதிரி என்று வையுங்கள். குடும்பத்தில் ஐந்து பேருக்கும் அதை வாங்க நமக்குக் கட்டுமா? வாரநாளில் போய்விட்டால் அந்தக் காசு மிச்சம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவிலும் காசுக்கேற்ற தோசைதான். 2021 முதல் சில ராத்திரிகளில், பூங்கா மூடினபிறகு இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய விலை உயர்ந்த விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு மட்டும். கூட்டம் கலைந்தபின் வரிசை இல்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்படி ஒரு மதிப்பு! என் தம்பி மகள் அங்கே இருக்கிறாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கைக்குழந்தையோடு வரும் குடும்பத்தில் ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர்கள் ஏறி இறங்குவார்கள். பிறகு குழந்தையை மாற்றிக்கொண்டு, வெளியே இருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறலாம். இதற்குப் பணம் கிடையாது. கேட்டதும், அடடா, தாய்மாரை நினைத்துச் செய்த ஏற்பாடு என்று தோன்றிற்று. நம்மூர் ராட்டினத்தில் இதற்கு விதி ஒன்றும் இல்லைதான். ஆனாலும், "தம்பி, பாப்பாவை மாத்திப் பிடிச்சுக்கிறோம், அடுத்த சுத்துல என்னை விடுவீங்களா?" என்று டிக்கெட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் விட்டார்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். வெளியூர் போனால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் வழக்கம். அது தலைவலியிலும் நீர்க்கடுப்பிலும் கொண்டுபோய் விடும். போனதும் கழிப்பறை எங்கே என்று பார்த்து, வரிசைக்கு முன்னால் போய்விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்காலில் ரத்தம் ஓடும், வீக்கம் குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வரிசைக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடவே கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக்கூடாது. கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கீழே நின்று கையசைப்பதே நல்லது. ஏறுகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, பின்னலைக் கொண்டையாக முடிந்து, துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள். சுழலும் இயந்திரத்துக்குத் துணியும் முடியும் ஆகவே ஆகாது.

பொருட்காட்சிக்குக் கிளம்பும்போது எந்த ராட்டினம், எத்தனை டிக்கெட் என்று பேசுகிறோம். அதற்கு முன்னால் ஒன்றைப் பேசிவிடுங்கள்: எந்த ராட்டினத்துக்கு யார் பை பிடிப்பது? மீசை முளைத்த பிள்ளைக்கும் அவன் அப்பாவுக்கும் ஆளுக்கொரு முறை ஒதுக்கிவிட்டு, உங்கள் பேருக்கு ஒரு டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் வருமுன் போய், முதல் வரிசையில் நில்லுங்கள்.