விலை குறைந்தது, செலவு குறையவில்லை



நம்மில் அநேகர் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள். நான் மும்பையில் இருபத்தாறு ஆண்டுகள் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவன். நாலுபேர் பார்க்க ஒரு பெரிய காரில் குடும்பத்தோடு போய் இறங்கவேண்டும் என்னும் ஆசை நெடுநாளாய் என் உள்ளத்தில் இருந்தது. அந்த ஆசை எனக்கு என்ன விலையாயிற்று என்பதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பத்து வயதைக் கடந்த சொகுசுக் கார்கள் ஒரு சிறிய புதுக் காரின் விலைக்குக் கிடைப்பதைக் கண்டு, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் உங்களிலும் இருக்கக்கூடும்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பதினொரு வயதான ஜெர்மானிய பெட்ரோல் கார் ஒன்றை 9 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். புதிதாக விற்கப்பட்டபோது அதன் விலை 80 இலட்சத்துக்கும் மேல். "ஏங்க, இது நமக்குத் தாங்குமா?" என்று என் மனைவி கேட்டாள். "புதுசா ஒரு சின்னக் காரே இந்த விலைதான்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். மகளின் நர்சிங் படிப்புக்கென்று கட்டிவந்த சீட்டுப் பணம் 3 இலட்சத்தையும் அதில் போட்டேன்.

நான்கு மாதங்கள் பெருமையாய்க் கழிந்தன. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குப் புறப்பட்டுக் கீழே இறங்கி வந்தோம். கார் முன்பக்க இடது மூலையில் முழங்காற்படியிட்டதுபோல் சாய்ந்து நின்றது.

குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். இவ்வகைக் கார்களில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர்ப் பையே பாரத்தைத் தாங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ரப்பர் காய்ந்து, மடிப்புகளில் வெடித்து, காற்று கசிகிறது. அதை மாற்ற 1,15,000 ரூபாய் ஆகும் என்றார். நான் திகைத்துப்போனேன். "அண்ணாச்சி, வண்டிக்குத்தான் வயசாச்சு. சாமானுக்கு வயசாகலை. அது இன்னைக்கும் புது வண்டிக்காரன் கொடுக்கிற விலைதான்" என்றார்.

பிரியமானவர்களே, இந்த ஒரு வார்த்தையைக் கார் வாங்குமுன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்! காரின் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கலாம். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. அவை 80 இலட்சம் கொடுக்கக்கூடியவருக்காகவே விலையிடப்பட்டவை.

பணமில்லாமல் ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். கசிந்த காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரஸரும் கருகிப்போயிற்று. அதற்கு மேலும் 62,000 ரூபாய். பழைய சொகுசுக் காரில் ஒரு பழுதைத் தள்ளிப்போட்டால் அது தனியாய் நிற்காது. தன் அயலானையும் கெடுக்கும்.

2023ஆம் ஆண்டு மே மாதம் புனேயில் ஒரு திருமணத்துக்குப் போகையில், கண்டாலா மலைப்பாதையில் எஞ்சின் வெப்பமுள் ஏறிற்று. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். குளிர்விக்கும் நீர் செல்லும் பிளாஸ்டிக் இணைப்புகள் பத்து ஆண்டு வெப்பத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தன. இணைப்புகள், குழாய்கள், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றுக்கும் 48,000 ரூபாய். போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, செலவு பலமடங்கு ஆகியிருக்கும்.

பிறகு தானியங்கி கியர் பெட்டி உதறத் தொடங்கிற்று. அதன் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்றவேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பல சொகுசுக் கார்களுக்குக் கியர் பெட்டி செய்துகொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றவே பரிந்துரைக்கிறது. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற 38,000 ரூபாய் ஆயிற்று. கியர் பெட்டி பிழைத்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளும் புஷ்களும் 72,000. நான்கு டயர்களும் பேட்டரியும் 1,02,000.

காப்பீடு இருக்கிறதே என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். தேய்மானத்தால் வரும் பழுதுக்குக் காப்பீடு ஒன்றும் தராது. விபத்தே நேர்ந்தாலும், சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். 2005 ஜூலை வெள்ளத்தைக் கண்ட மும்பைவாசிகளும் 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிகளும் இதையும் அறியவேண்டும்: தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் கிடைக்கப் பொதுவாகத் தனிக் காப்பு எடுத்திருக்கவேண்டும்.

பழைய உதிரிபாகக் கடைகளிலும் தேடினேன். கதவு, கண்ணாடி போன்றவை அங்கே மலிவாய்க் கிடைக்கும். ஆனால் பழைய ரப்பர்ப் பை பழைய ரப்பர்தானே! மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோ பெரும்பாலும் அந்தந்தக் காருக்கென்று பதிவுசெய்யப்பட்டவை. வேறு காரிலிருந்து எடுத்து மாட்டினால் அப்படியே வேலைசெய்யாது.

2024 மே மாதம் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். 4,37,000 ரூபாய். வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதி. அந்த மாதத்தில்தான் மகளின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. அவள் என் அருகில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இந்த வருஷம் நான் ஏதாவது வேலைக்குப் போறேன். ஃபீஸை அடுத்த வருஷம் கட்டிக்கலாம்" என்றாள். அவள் குறைசொல்லியிருந்தால் எனக்கு இலகுவாய் இருந்திருக்கும். அன்றிரவு காரை விற்க முடிவுசெய்தேன்.

அதற்குள் முன்பக்க வலது ரப்பர்ப் பையும் கசியத் தொடங்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரகர் ஒருவர், "கம்ப்யூட்டரை மாட்டி அந்த விளக்கை அழித்துவிடலாம். சில நாள் எரியாது. 5 இலட்சம் வாங்கித்தருகிறேன்" என்றார். எனக்கு விற்றவரும் இதையே செய்திருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றிற்று. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவந்தது. நான் உடனே மறுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். இரண்டு நாள் யோசித்தேன்.

அந்தத் தரகர் அழைத்துவந்தவர் ஓர் இளைஞர். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் ரசீதுக் கட்டை அவர் கையில் கொடுத்து, எந்தப் பை கசிகிறது என்பதையும் காட்டினேன். அவர் நன்றி சொல்லிப் போய்விட்டார், தரகர் கோபித்துக்கொண்டார். மூன்று வாரத்துக்குப் பின், இவ்வகைக் கார்களையே பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர் எல்லாம் அறிந்தே 3,25,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கட்டணத்தைக் கட்டினேன்.

வாங்கியே தீரவேண்டும் என்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காரை ஒரு முழு இரவு நிறுத்திவைத்து, காலையில் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கையிலே உங்கள் கண்முன் கிளப்பச் சொல்லுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்யூட்டர் சோதனையும், மேலே தூக்கி அடிப்பாகச் சோதனையும் செய்யுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, சேற்றுக்கறை உண்டா என்று கவனியுங்கள். சர்வீஸ் பதிவுகள் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். வாங்கும் விலையில் பாதியைத் தனியே எடுத்துவைக்க முடியாவிட்டால், அந்தக் கார் உங்களுக்குரியதல்ல.

நான் மீண்டும் ரயிலில்தான் போகிறேன். என் மகள் படிப்பை விடவில்லை. அருமையானவர்களே, ஒரு பழைய காரின் முன் நின்று விலை கேட்கும்போது, அது புதிதாயிருந்தபோது என்ன விலை என்றும் கேளுங்கள். இனி நீங்கள் பழுதுபார்க்கப்போவது அந்த விலையுள்ள காரைத்தான்.