எல்லார் காதிலும் விழும் பேச்சு

காயல்பட்டினம் சிங்கித்துறையிலிருந்து கடலுக்குப் போன படகுகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். “எண்ணே, நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்குது, வலையை வாங்கப் போறேன்” என்பார் ஒருவர். அவர் சொன்னது தன் அண்ணனுக்குத்தான். ஆனால் சுற்றுவட்டாரப் படகுகள் அத்தனையும் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் வலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும்.

பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். நடுவில் கோபுரம் கிடையாது, எண் கிடையாது, கட்டணம் கிடையாது. 16ஆம் சேனல் உலகக் கடல் முழுவதற்கும் பொதுவான ஆபத்து அழைப்புச் சேனல். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலும் சிறு பைபர் படகும் அதில் ஒன்றின் குரலை ஒன்று கேட்க முடியும்.

இதே வேலையைச் சாலையில் செய்வது சிபி ரேடியோ. அமெரிக்காவில் 1958 முதல் 27 மெகாஹெர்ட்ஸில் இது பொதுமக்கள் கைக்கு வந்தது. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் எந்த பெட்ரோல் பங்க்கில் டீசல் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் இதில்தான் சொல்லிக்கொண்டார்கள். வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இது நல்ல துணை. அவர்களுடைய காரவான் அகலமானது, சட்டென்று திருப்ப முடியாது. முன்னே சாலை அடைத்திருப்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் 19ஆம் சேனலில் லாரிக்காரர்கள் அதைச் சொல்வார்கள். 9ஆம் சேனல் ஆபத்துக்கு.

இந்தியாவில் கடல் வயர்லெஸ்ஸுக்கு உரிமம் வேண்டும், அதைச் சாலையில் பயன்படுத்தவும் கூடாது. சிபிக்கு அந்தத் தடை இல்லை. 5 வாட்டுக்கு மிகாத கருவியை உரிமமின்றி வைத்துக்கொள்ள 2005இலேயே இந்திய அரசு விதி வகுத்துவிட்டது. அதன் குரல் சில கிலோமீட்டர்தான் போகும். ஆபத்தில் உதவக்கூடியவர் பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள்தான் இருப்பார்.

2023 டிசம்பர் 17 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைவிட அது அதிகம். சாலைகள் அறுந்தன, மின்சாரம் போனது, பல ஊர்களில் செல்பேசி ஊமையானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பேருடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. அடுத்த ஊரில் என்ன நிலைமை என்று கேட்க வழியில்லாமல் ஊர்கள் தவித்தன.

செல்பேசியில் தெரிந்தவரை மட்டுமே கூப்பிடுகிறோம். ஆபத்தில் நமக்கு வேண்டியவரோ அருகில் இருக்கும் தெரியாதவர். திருச்செந்தூருக்கு வேன் வேனாக வரும் பக்தர்களும், மணப்பாடு வழியே கன்னியாகுமரிக்குக் காரவானில் போகிறவர்களும் வண்டியில் ஒரு சிபி ரேடியோ வைத்துக்கொண்டால் நல்லது. பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று முன்வண்டிக்காரர் ஒருமுறை சொன்னால் போதும், பின்னால் வரும் பத்துக் குடும்பம் பத்திரமாகத் திரும்பிவிடும்.