எங்கள் வீட்டுப் பற்றரி

மின்சாரமின்றி வாழ்தல் யாழ்ப்பாணத்தவராகிய எமக்குப் புதியதொன்றன்று. 1990ஆம் ஆண்டில் மின்சாரம் அற்றுப்போன பின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவின் உதவியால் வானொலி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கின் அருகிலிருந்து பரீட்சைக்குப் படித்தவர் பலர். ஆதலால், 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு வந்தபோது, "இதுவும் ஒரு பெரிய காரியமோ?" என்று அலட்சியமாகவே இருந்தேன். அந்த அலட்சியத்தினால் யான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

என் அன்னையாருக்கு அப்போது வயது 82. நுரையீரல் நோயினால், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றின் துணையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவ்வியந்திரத்துக்கு 350 உவாற்று மின் வேண்டும். மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோதுதான் எனக்குத் திகில் பிடித்தது. ஓடிச்சென்று, 12 வோல்ற்று, 150 அம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பற்றரி ஒன்றையும் இன்வேட்டர் ஒன்றையும் வாங்கி வந்தேன். கடைக்காரர் "இது பெரிய பற்றரி" என்றார். யானும் நம்பினேன்.

முதல் மாதத்தில் இயந்திரம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் ஓடிற்று. ஆண்டு முடிவில் மின்வெட்டு இரண்டு மணித்தியாலமளவிற் குறைந்துவிட்டது. என் பற்றரியோ ஒரு மணித்தியாலமும் தாங்கவில்லை. ஓர் இரவு, இருட்டினுள்ளிருந்து, "மோனை, மிசின் நிண்டு போச்சு" என்ற மெல்லிய குரல் கேட்டது. அன்று அயல் வீட்டாரின் ஜெனரேற்றரிலிருந்து வேலிக்கு மேலாக இழுத்த வயரே அம்மாவின் மூச்சைக் காத்தது.

மறுநாள், மின்வேலை செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவரை அழைத்தேன். எத்தனை பெரிய பற்றரி வாங்கலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சேர், பற்றரி எவ்வளவு பெரிசு எண்டு கேக்கிறதுக்கு முதல், என்னத்தை ஓட்டப் போறியள், எவ்வளவு நேரம் ஓட்டப் போறியள் எண்டு சொல்லுங்கோ" என்றார். நாற்பது ஆண்டு கணக்குப் படிப்பித்த எனக்கு அக்கேள்வி தோன்றாமற் போயிற்றே என்று வெட்கினேன்.

கிணற்றில் உள்ள நீரின் அளவு வேறு. துலாவிற் கட்டிய வாளியின் அளவு வேறு. பற்றரியின் கொள்ளளவு கிணற்று நீர். அதனைக் கிலோவாற்று மணியில் அளப்பர். இன்வேட்டரின் வலு வாளி; அதனைக் கிலோவாற்றில் அளப்பர். இரண்டையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டர் முதலியன தொடங்கும் கணத்தில் தம் வழக்கமான அளவினும் பல மடங்கு மின்னை இழுப்பன. சிறிய இன்வேட்டர் அதனைத் தாங்காது.

இருவரும் தாளும் பென்சிலுமாக இருந்தோம். இயந்திரம் 8 மணித்தியாலத்துக்கு 2800 உவாற்று மணி. ஒரு மின்விசிறி 480. இரண்டு விளக்குகள் 90. இணையக் கருவி 80. மொத்தம் 3450. இன்வேட்டரிற் பத்திலொரு பங்கு வீணாகும் எனக் கொண்டால், பற்றரியிலிருந்து ஏறக்குறைய 3830 உவாற்று மணி எடுக்க வேண்டும்.

என் பழைய பற்றரியின் முழுக் கொள்ளளவே 1800தான். ஈய அமிலப் பற்றரியில் நாள்தோறும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். அதன்படி, இயந்திரத்தை இரண்டரை மணித்தியாலமேனும் ஓட்டியிருத்தல் ஆகாது. யானோ நான்கு மணித்தியாலம் ஓட்டினேன். பற்றரியைக் கொன்றவன் கடைக்காரன் அல்லன், யானே. மோட்டர்க்காரின் பற்றரியை இவ்வேலைக்கு வைப்பது இன்னும் தவறு. அஃது இயந்திரத்தைக் கிளப்பிவிடுவதற்கென அமைந்தது.

ஈய அமிலப் பற்றரியை 1859இல் பிரான்சு நாட்டவரான பிளாந்தே ஆக்கினார். விலை குறைவு, ஆயினும் பாரம் மிகுதி. மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவருமாதலின், காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியோ 1997இல் குடினஃப் என்ற அறிஞரின் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியின் வழி வந்தது. அவர் 2019இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வகையில் நூற்றுக்கு 80 பங்கு வரை தாராளமாக எடுக்கலாம். பல்லாயிரம் முறை மின்னேற்றலாம். ஏனைய இலிதிய வகைகள் பலவற்றிலும் தீப்பற்றும் அபாயம் குறைவு. வாங்கும் நாளில் விலை கூடுதல். ஆண்டுக்கணக்கிற் பார்த்தால் அவ்வாறன்று. ஆகவே 51.2 வோல்ற்று, 100 அம்பியர் மணி, அதாவது 5.12 கிலோவாற்று மணி கொண்ட ஒன்றை வாங்கினோம்.

வீட்டின் முன்னறையிற் கணக்கு எழுதும் சிற்றலுவலகம் நடத்தும் என் மகன், "கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே, அப்பா, பற்றரி எதற்கு?" என்று முன்பு கேட்டதுண்டு. வீதிக் கம்பியோடு மட்டும் இணைந்த சூரியத் தகடு, வீதியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியிற் பழுது திருத்தும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மகனின் அலுவலகத்துக்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை. கணினி கண்ணிமைப் பொழுதும் அணையாதிருந்தாற் போதும். அதற்கென மேசைக்குக் கீழே தனியாக ஒரு சிறு யூபிஎஸ் வைத்தோம். லேசர் அச்சு இயந்திரத்தை அதனோடு பூட்டவில்லை. அது சூடேறும்போது இழுக்கும் மின்னை அச்சிறு கருவி தாங்காது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடெங்கும் மின்சாரம் நின்றதாக அறிவித்தார்கள். யான் பதறி எழுந்து அம்மாவின் அறைக்கு ஓடினேன். இயந்திரம் தன் பாட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அம்மா கண் திறந்து, "ஏன் மோனை ஓடி வாறாய்? பக்கத்து வீட்டு மிசின் சத்தம் கேக்குது, கறண்ட் போட்டுதோ?" என்று கேட்டார்.

ஆயினும் கட்டிலுக்கருகில் ஒட்சிசன் உருளை ஒன்றையும் எப்போதும் நிறைத்து வைத்திருக்கின்றோம். கருவி எதுவும் ஒருநாட் பழுதாகலாம். பற்றரி வாங்க எண்ணும் அன்பர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுப்பார்களாக. அந்தக் கணக்குக்குக் கால் மணித்தியாலம் போதும். அதைச் செய்யாததால் யான் கேட்ட குரல் இன்றும் என் காதில் இருக்கின்றது.