பக்கத்துச் சூரியன்கள்

புது ஊருக்குக் குடிபோகிறவன் முதலில் விசாரிப்பது, அண்டை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஆகாயத்தைப் பார்த்தும் மனிதன் அதையே விசாரிக்கிறான். நம் சூரியனைப் போல அக்கம்பக்கத்தில் எத்தனை சூரியன்கள் உண்டு?

பெண்ணாடத்தில் ஒரு வைகாசி இரவு என்னிடம் இதைக் கேட்டவர் ஒரு வயதான விவசாயி. மின்சாரம் நின்று போயிருந்தது. தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாக மின்னின. இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி. 1689-ல் பாண்டிச்சேரியில் ரிஷோ என்ற பாதிரியார் தொலைநோக்கியில் பார்த்து, அதுவே இரட்டை நட்சத்திரம் என்று கண்டார். அவற்றில் பெரியது ஏறக்குறைய நம் சூரியனின் அச்சு. தூரம் 4.4 ஒளி வருஷம். வலப்பக்கத்து நட்சத்திரமோ ஏறக்குறைய 390 ஒளி வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது!

"கண்ணை நம்ப முடியாதுன்னா, பின்னே எப்படித் தம்பி எண்ணுறாங்க?" என்றார் பெரியவர்.

"நீங்கள் கண்டுமுதல் மதிப்புப் போடுகிற மாதிரிதான்" என்றேன்.

வயலில் ஒரு சிறு சதுரத்தை அறுத்து அளந்து, காணிக்கு இவ்வளவு என்று சொல்கிறோம் அல்லவா? அப்படியே, நம்மைச் சுற்றி 33 ஒளி வருஷத்துக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தூரம் அளந்து எண்ணியிருக்கிறார்கள். சூரியன் ஜாதி நட்சத்திரங்கள் சுமார் 20. சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரங்கள் சுமார் 250. அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தூரத்தைப் பத்து மடங்காக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகி இடம் ஆயிரம் மடங்காகும். ஆகவே 330 ஒளி வருஷத்துக்குள் சுமார் 20,000 சூரியன்கள்.

பெரியவர் யோசித்தார். "வயல் பூரா ஒரே விளைச்சலா இருக்காதே! வரப்போரம் குறையுமே?"

வான நூலார் செய்யும் திருத்தமும் அதுதான். நம் பால்வீதி தோசையைப் போலத் தட்டையானது. நடுத்தளத்திலிருந்து மேலேயோ கீழேயோ போகப் போக நட்சத்திரங்கள் அருகிவிடும். 20,000-ல் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அங்கெல்லாம் ஆள் உண்டா?"

"இதுவரை எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. வீடுகளில் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான் தெரியும்."

அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இருட்டிக் கிடந்த தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விளக்காவது எரியுதே. இங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்குது."