லேபிளுக்குப் பின்பக்கம்

சிவகாசியில் காகிதப் பஞ்சமே கிடையாது. அச்சகங்களில் கழித்துப் போட்ட தாள்கள் எடைக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் வண்ணம் சேராமல் காலண்டர் முருகன் இரண்டு வேலோடு நிற்பார். மறுபக்கம் வெள்ளை. தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரி இலக்கிய வட்டம் மொத்தமும் அந்த வெள்ளையில்தான் எழுதியது. அத்தனையும் காதல் கவிதை.

கூடப் படித்த அவளும் எழுதினாள். நிலா, மழை, ஜன்னல், 'நீ'. அந்த 'நீ' யாரென்று தெரியாமல் நான் ராத்தூக்கம் கெட்டது தனிக்கதை. ஆனால், உள்ளதைச் சொன்னால் கவிதை சுமார்தான். பேச்சில்தான் அவள் வேறு ஆள். சின்ன வயதில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனதைச் சொல்ல ஆரம்பித்தால், நம் கையில் இருக்கிற டீ ஆறிவிடும். விடியும் முன்னே ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிற ஆபீஸ் பஸ். அதில் தூக்கத்தோடு ஏற்றப்படும் பிள்ளைகள். கட்டையில் குச்சி அடுக்குகிற வேகம். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. பஸ்ஸுக்குத்தான் அது தெரியவில்லை.

"இதக் கதையா எழுதுங்க" என்றேன்.

"என்னத்த எழுத? வீட்டுக்கு வீடு இதான். எவன் படிப்பான்?"

நான் விடவில்லை. கரிசல்காட்டுப் பூமணியின் 'வெக்கை'யைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை வைத்து 'கருவேலம் பூக்கள்' என்று படமே எடுத்தவர் அவர். "1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகிட்டு வந்த கதையை இந்த ஊர்ல குழந்தைகூடச் சொல்லும். குச்சி அடுக்குனவங்க கதைய யாரு சொல்றது?" என்று நியாயம் வேறு பேசினேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "லீவு நாள்ல இப்பவும் பெட்டி ஒட்டுறேன். எத்தன தடவ கழுவினாலும் பசை நாத்தம் போகாது. கவிதையில மட்டுந்தான் என் கை சுத்தமா இருக்கு. அதையும் பிடுங்கணுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவளே நாலு தாள் கொண்டுவந்தாள். தீப்பெட்டி லேபிள் அச்சடித்த கழிவுத் தாள்; பின்பக்கம் முழுக்கக் கதை. நிலா ஒரே ஓர் இடத்தில் வந்தது, பஸ்ஸுக்காகத் தெருவில் நிற்கிற பிள்ளைகளுக்கு வெளிச்சம் காட்ட. 'நீ' எங்கேயும் இல்லை. அதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

வட்டத்தில் வாசிப்பதற்கு முதல் நாள் ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். பெட்டி ஒட்டுகிற கையை நிறுத்தாமல் கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதான். குரோஸுக்கு அவ்வளவெல்லாம் அப்பக் குடுக்கல. கொறச்சுப் போடு" என்றாராம்.

மறுநாள் அவள் வாசிக்கும்போது எட்டிப் பார்த்தேன். தாளில் கூலி வருகிற இடம் மட்டும் அடித்துத் திருத்தியிருந்தது.