கடிதமும் நீலக் குறியும்

2024 ஆகஸ்ட் 12. வேட்பாளர் டொனால்ட் டிரம்பை எலான் மஸ்க் தன் எக்ஸ் தளத்தில் பேட்டி காண இன்னும் சில மணி நேரமே இருந்தது. அதற்குள் ஐரோப்பிய ஆணையர் தியெரி பிரெட்டனிடமிருந்து ஒரு கடிதம். தீங்கான செய்திகள் பரவினால் டிஜிட்டல் சேவைச் சட்டம் பாயும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

அமெரிக்கப் பழமைவாதிகள் கொதித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம் விதிக்கும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேட்பாளர் வாய் திறக்கும் முன்பே மிரட்டினால் அதற்கு என்ன பெயர்? கடிதத்தின் நேரமும் வாசகமும் கலந்து பேசி முடிவானவை அல்ல என்று ஐரோப்பிய ஆணையமே சொல்லிவிட்டது.

ஆனால் 2025 டிசம்பரில் எக்ஸுக்கு 12 கோடி யூரோ அபராதம் விழுந்தபோதும் அதே 'தணிக்கை' கூச்சல்தான். இந்த அபராதம் எதற்காக? காசு கொடுத்தால் கிடைக்கும் நீலக் குறி பயனரை ஏமாற்றுகிறது. விளம்பர விவரங்கள் ஒழுங்காக இல்லை. ஆய்வாளர்களுக்குத் தகவல் தர மறுக்கிறார்கள். இவைதான் குற்றச்சாட்டுகள். யாருடைய பேச்சையும் நீக்கச் சொல்லவில்லை. கள்ள எடைக்கல் வைத்த கடைக்காரருக்கு அபராதம் போடுவதைச் சந்தையை நம்புகிறவர்கள் எதிர்க்கலாமா?

அதே மாதம் பிரெட்டன் அமெரிக்காவுக்குள் வரவே வாஷிங்டன் தடை போட்டது. கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றத்தானாம்!

அரசு தன் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது பழமைவாதத்தின் முதல் பாடம். நல்ல பாடம்தான். பிரஸ்ஸல்ஸுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள், வாஷிங்டனில் மறந்துவிடக் கூடாது.