கறள்

கடற்கரையூர்க்காரர்களுக்குக் கறள் புதிதல்ல. ஜன்னல் கம்பி, சைக்கிள் றிம், கதவுப் பிணைச்சல் என்று ஒவ்வொன்றையும் உப்புக்காற்று தின்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பழைய கார் வாங்கும்போது மட்டும் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம், பெயிண்டைத் தடவிப் பார்க்கிறோம், அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் உறங்கிய ஸ்ரீ இலக்கக் கார்களெல்லாம் எழும்பிவிட்டன. என் மச்சானின் 1984ஆம் ஆண்டு நிசான் சன்னியும் அப்படி எழும்பியதுதான். அதைக் கேட்டு வந்தவர் என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியர். மனைவியின் நகை அடகிலிருந்தது, கைக்குழந்தை வேறு. "நீங்க பாத்துச் சொன்னாப் போதும் சேர்" என்றார்.

கராஜுக்குக் கொண்டுபோனோம். டிங்கர் வேலை செய்யும் காக்கா எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. துணி சுற்றிய காந்தமொன்றை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியில் வைத்தார். முன்பக்கம் ஒட்டியது, நடுவில் கழன்று விழுந்தது. அங்கே இரும்பில்லை, பட்டிதான். ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்தினார். பிடிவரை உள்ளே போனது.

இந்த வகைக் கார்களுக்கு லொறியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தகட்டைப் பெட்டிபோல மடித்து ஒட்டிய உடம்புதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. அந்தப் பெட்டிகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே நீர் தேங்கும். உப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் ஒட்டிய தகடுகளையே பிளந்து தள்ளும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

"ஜாக்கி வெச்சித் தூக்கினாக் கதவு பூட்டாது சேர். பெல்ட் புடிச்சிரிக்கிற எடமும் உளுத்துப் போச்சி" என்றார் காக்கா. நல்ல தகடு வரும்வரை வெட்டியெறிந்து புதிதாக ஒட்ட வேண்டும். கறளின் மேல் தகடு ஒட்டுவது வீண் என்றும் சொன்னார். நமது புகைப் பரிசோதனை இதையெல்லாம் பார்ப்பதில்லை. 1980இல் பிரித்தானியாவில் லான்சியா பீட்டா கார்களில் எஞ்சினைத் தாங்கும் இடமே கறளில் போக, கம்பனி அவற்றைத் திருப்பி வாங்க நேர்ந்தது. மச்சானிடம் யார் திருப்பிக் கொடுப்பது?

அன்றிரவே மச்சான் வந்தார். "கேட்டாத்தானே சொல்லணும்? நீங்க சும்மா இரிங்க மச்சான்."

தானியக் குவியலுக்குள் ரசூலுல்லாஹ் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை ஞாபகப்படுத்தினேன். அந்த வியாபாரியும் மழையில் நனைந்தது என்றுதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, ஈரத்தை அடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். "நம்மட கார் நெல்லா?" என்று கேட்டுவிட்டு மச்சான் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த நாள் இடைவேளையில் அந்த ஆசிரியரிடம் கண்டதைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை, நகையைத் திருப்பிவிட்டார். இன்றும் மோட்டார் சைக்கிளில்தான் மூவரும் போகிறார்கள், மழையிலும். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோசமாக இருப்பதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் மச்சான் வீட்டுப் பக்கம் வரவில்லை. இறைச்சிப் பங்கை மனைவி மகனிடம் கொடுத்தனுப்பினாள். கார் கராஜில் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருக்கிறார்களாம்.